எட்வர்டு பாக்கும் மருந்து விளம்பரமும்

1905-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டின் பத்து இலட்சம் இல்லங்களுக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு மாதர் இதழில் கல்லறை ஒன்றின் நிழற்படம் வெளியாயிற்று. மாசச்சூசெட்சு மாநிலத்து லின் நகரில் உள்ள அக்கல்லறை, லிடியா பிங்கம் என்னும் அம்மையாருடையது. அவர் 1883-ஆம் ஆண்டு மே மாதத்தில் காலமானவர். அந்தப் படத்தோடு சேர்த்து ஒரு மருந்து விளம்பரமும் அச்சிடப்பட்டிருந்தது. பிங்கம் அம்மையார் லின் நகரில் தமது ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து நோயுற்ற பெண்களுக்கு ஆலோசனை வழங்குவதாகவும், எந்த மருத்துவரையும்விட அவரால் மிகுந்த நன்மை செய்ய இயலும் என்றும் அவ்விளம்பரம் கூறிற்று. இறந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆன ஒருவருக்குத்தான் நாடெங்கும் உள்ள பெண்கள் தங்கள் உடற்குறைகளை மனம்விட்டு எழுதி வந்தார்கள். இறந்தவரின் மருமகள் கடிதங்களைக் கவனித்து வருகிறார், அவரும் பிங்கம் அம்மையார்தாமே என்று நிறுவனத்தார் விடையிறுத்தனர். சொல்லளவில் அது பொய்யன்று. எழுதிய பெண்கள் அவ்வாறு எண்ணி எழுதவில்லை என்பது மட்டுமே உண்மை.

கல்லறைப் படத்தை வெளியிட்ட இதழ் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’. அதன் ஆசிரியர் எட்வர்டு பாக். முப்பது ஆண்டுகள் ஓர் இதழை நடத்தி, அதனை உலகின் மிகப் பெரிய மாதர் இதழாக ஆக்கிய மனிதர். அவர் கதைகளையும் கட்டுரைகளையும் தேர்ந்தெடுத்த திறமையைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பத்திரிகைத் தொழிலின் வரலாற்றில் அவருக்கு ஓர் இடம் உண்டென்றால், அது அவர் அச்சிட்டவற்றால் வந்ததைக் காட்டிலும் அச்சிட மறுத்தவற்றால் வந்தது எனலாம்.

பாக் பிறப்பால் அமெரிக்கர் அல்லர். 1863-ஆம் ஆண்டு ஆலந்து நாட்டின் கடற்கரை ஊராகிய டென் எல்டரில் பிறந்தவர். செல்வம் இழந்த தந்தை, குடும்பத்துடன் கப்பலேறி 1870-இல் நியூயார்க் வந்து சேர்ந்தார். சிறுவன் எட்வர்டுக்கு அப்போது ஆறு வயது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது. புருக்ளின் பள்ளியில் பிள்ளைகள் அவனைக் கேலி செய்தார்கள். வீட்டிலோ வறுமை. ரொட்டிக்கடை ஒன்றின் கண்ணாடியைத் துடைக்கும் வேலை கிடைத்தது. வாரக் கூலி ஐம்பது காசு. கோடைக் காலத்தில் கடற்கரைக்குச் செல்லும் குதிரை டிராம் வண்டிகளில் பயணம் செய்வோருக்குக் குளிர்ந்த தண்ணீர் விற்றான். பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுத் தந்தி நிறுவனம் ஒன்றில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தான். கடல் கடந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இக்கதை புதிதன்று.

அந்தப் பையனிடம் இருந்த தனித்தன்மை ஒன்றே ஒன்று. பெரிய மனிதர்களுக்குக் கடிதம் எழுத அவன் அஞ்சவில்லை. கலைக்களஞ்சியத்தில் ஒருவருடைய வாழ்க்கையைப் படிப்பான். அதில் ஐயம் தோன்றினால் அவருக்கே எழுதிக் கேட்பான். இப்படிப் படைத்தலைவர்களும் புலவர்களும் பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான கார்பீல்டும் அவனுக்குத் தம் கையெழுத்தில் விடை எழுதினார்கள். மற்றொரு நிகழ்ச்சியும் குறிப்பிடத்தக்கது. சிகரெட்டுப் பெட்டிகளில் புகழ்பெற்றோரின் படம் அச்சிட்ட சிறு அட்டைகளை வைத்து விற்பது அந்நாளைய வழக்கம். தெருவில் கிடந்த ஓர் அட்டையை எடுத்துப் பார்த்த பாக், அதன் பின்புறம் வெறுமையாக இருப்பதைக் கண்டான். படத்தில் உள்ளவர் யார் என்று நூறு சொற்களில் அங்கே எழுதினால் மக்கள் அட்டையைப் பாதுகாப்பார்களே என்று தோன்றிற்று. அச்சகத்தாரிடம் சென்று சொன்னான். ஒரு குறிப்புக்குப் பத்து அமெரிக்க வெள்ளி என்று பேசி வேலை கிடைத்தது. வெற்றுத் தாள் என்பது வீணான இடம் என்ற உணர்வு அன்றே அவனிடம் இருந்தது. பிற்காலத்துப் பத்திரிகை நிர்வாகியை அந்த அட்டையின் பின்புறத்திலேயே கண்டுகொள்ளலாம்.

இதன்பின் அவர் வளர்ச்சி விரைவாக நிகழ்ந்தது. ஆல்ட் என்னும் நூல் வெளியீட்டாரிடம் சுருக்கெழுத்தாளர் வேலை, 1884 முதல் இசுகிரிப்னர் நிறுவனத்தில் பணி, பின்னர் அங்கேயே விளம்பரப் பகுதியின் பொறுப்பு. இடையில் ‘புருக்ளின் மேகசின்’ என்ற இதழையும் நடத்தினார். செய்தித்தாள்களைப் பெண்கள் மிகுதியாகப் படிப்பதில்லை என்பதைக் கவனித்து, பெண்களுக்கென ஒரு முழுப் பக்கத்தை ஆயத்தம் செய்து பல ஊர்ச் செய்தித்தாள்களுக்கு விற்றார். அந்தப் பக்கமே அவரைப் பிலடெல்பியாவுக்கு அழைத்துச் சென்றது.

பிலடெல்பியாவில் சைரசு கர்ட்டிசு என்பவர் ‘டிரிபியூன் அண்டு பார்மர்’ என்னும் உழவர் இதழை நடத்தி வந்தார். அதில் பெண்களுக்கென்று ஒரு பகுதி வைத்து, பிற இதழ்களிலிருந்து துணுக்குகளை வெட்டி ஒட்டி நிரப்புவார். அதனைப் படித்த அவர் மனைவி லூயிசா நாப் சிரித்துவிட்டார். அப்படியானால் நீயே எழுது என்றார் கணவர். அம்மையார் எழுதத் தொடங்கிய பகுதி உழவர் இதழைவிடச் செல்வாக்குப் பெற்று, 1883-இல் தனி இதழாகப் பிரிந்தது. அதுவே ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’. ஆறாண்டுகள் அதனை நடத்தி, நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள் விற்கும் அளவுக்கு உயர்த்தியவர் அந்த அம்மையார். பாக்கின் புகழில் இவர் பெயர் மறைந்து போனது முறையன்று. 1889 அக்டோபரில் பாக் ஆசிரியர் பொறுப்பை ஏற்றபோது, அவர் கையில் கிடைத்தது வளர்ந்து நின்ற மரமே அன்றி விதையன்று. ஏழாண்டுகள் கழித்து, 1896-இல், கர்ட்டிசு தம்பதியின் ஒரே மகள் மேரி லூயிசாவை அவர் மணந்தார். ஆசிரியர் முதலாளியின் மருமகனானார். நிறுவனத்தின் துணைத்தலைவராகவும் விளங்கினார். ஆசிரியரின் துணிவைப் பேசுங்கால் இந்த உறவையும் மறந்துவிடலாகாது. வேலை போய்விடுமே என்ற அச்சம் அவருக்கு மற்றவர்களைப்போல் இருந்திருக்க வழியில்லை.

இருபத்தாறு வயதுடைய, மணமாகாத இளைஞன் ஒருவன் மாதர் இதழுக்கு ஆசிரியனாவதை நாட்டிலுள்ள செய்தித்தாள்கள் நகையாடின. பெண்களைத் தமக்குத் தெரியாது என்றும், தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை என்றும் பாக்கே தம் வாழ்க்கை நூலில் எழுதியிருக்கிறார். தெரியாத குறையை அவர் கடிதங்களால் நிறைவு செய்தார். இளம்பெண்களுக்கு அறிவுரை கூறும் பகுதியொன்றைத் தொடங்கி, ரூத் ஆசுமோர் என்ற புனைபெயரில் முதற்கட்டுரையைத் தாமே எழுதினார். வந்து குவிந்த கடிதங்களைப் பிரித்தபோது திடுக்கிட்டார். தாயிடமும் சொல்லத் தயங்கும் செய்திகளைப் பெண்கள் எழுதியிருந்தார்கள். ஆடவன் படிக்கத்தக்கன அல்ல என்று உணர்ந்து, அப்பகுதியை இசபெல் மாலன் என்ற எழுத்தாளரிடம் ஒப்படைத்தார். இதழுக்கு எழுதும் ஒவ்வொருவருக்கும் விடை அனுப்பவேண்டும் என்று விதி செய்தார். குழந்தை வளர்ப்புப் பற்றி மருத்துவரும், வீட்டுக் கணக்குப் பற்றி அதில் பழகியோரும் விடை எழுதினார்கள். ஆசிரியர் குழுவின் வேலையில் பெரும்பகுதி அச்சில் வராத வேலையாயிற்று.

இந்தக் கடிதங்களே பின்னர் நடந்த போராட்டத்தின் வேர். ஆனால் அதற்குமுன் இதழின் பணநிலையைச் சிறிது விளக்கவேண்டும்.

ஆண்டுச் சந்தா ஐம்பது காசாக இருந்ததை 1889-இல் கர்ட்டிசு ஒரு வெள்ளியாக உயர்த்தினார். உயர்ந்த விலையிலும்கூட இதழின் தாள், அச்சு, எழுத்தாளர் ஊதியம் ஆகியவற்றைச் சந்தாப் பணம் தாங்காது. எஞ்சியதை விளம்பரமே தாங்கியது. படிகள் பெருகப் பெருக விளம்பரக் கட்டணம் உயரும். கட்டணம் உயர உயர இன்னும் நல்ல எழுத்தும் படமும் வாங்கலாம். அவற்றால் படிகள் மேலும் பெருகும். இச்சக்கரத்தைச் சுழற்றக் கர்ட்டிசு பெருங்கடன் வாங்கியிருந்தார். இதழ் எதற்காக நடத்தப்படுகிறது என்று அமெரிக்கப் பெண்களைக் கேட்டால் தங்களுக்காக என்பார்கள். உண்மையில் அவர்களிடம் பொருள் விற்க விரும்பும் உற்பத்தியாளர்களுக்காகவே நடத்துகிறேன் என்று அவர் விளம்பரதாரர்களிடம் ஒளிவின்றிச் சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது.

அந்நாளில் அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு மிகுதியான விளம்பரம் தந்தவர்கள் யார் என்றால், மருந்துக்காரர்கள்தாம். புட்டியில் அடைத்து, மருத்துவர் சீட்டு இல்லாமல், எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்று விற்பவர்கள். மருந்தில் என்ன கலந்திருக்கிறது என்று வெளியிட எந்தச் சட்டமும் அவர்களை வற்புறுத்தவில்லை. குழந்தையின் அழுகையை நிறுத்தும் என்று விற்கப்பட்ட வின்சுலோ அம்மையார் பாகில் மார்பின் இருந்தது. அழுகை நின்றது, சில குழந்தைகள் விழிக்கவே இல்லை. ‘பெரூனா’ என்ற மருந்தில் நூற்றுக்கு 28 பங்கு சாராயம். ‘ஆசுடெட்டர் பிட்டர்சு’ என்பதில் 44 பங்கு. பிங்கம் அம்மையாரின் மருந்தில் ஏறத்தாழ 20 பங்கு. பீர் என்னும் மதுவில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லாமல் இருப்பதை இதனோடு ஒப்பிடலாம். வீட்டில் மது ஒரு துளியும் நுழையக்கூடாது என்று உறுதிபூண்ட மதுவிலக்குச் சங்கத்துப் பெண்கள், நாளுக்கு மூன்று வேளை இம்மருந்துகளை மேசைக்கரண்டியில் அளந்து குடித்துவந்தார்கள். உடம்புக்குத் தெம்பு வருகிறது என்று மகிழ்ந்தார்கள்.

1892-இல் கர்ட்டிசும் பாக்கும் இவ்வகை மருந்து விளம்பரங்களை இனி ஏற்பதில்லை என அறிவித்தனர். நிறுவனம் பெருங்கடன் வாங்கிச் செலவு செய்துகொண்டிருந்த காலம் அது. பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்கள் இதனை அறியாமை என்றே கருதினார்கள். பின்னர் மதுவும் புகையிலையும் நம்பத்தகாத பண முதலீடுகளும் அந்தத் தடைக்குள் வந்தன. 1910-இல் இவற்றையெல்லாம் தொகுத்துக் கர்ட்டிசு நிறுவனம் ஒரு விளம்பர நெறிமுறையாகவே வெளியிட்டது.

பன்னிரண்டு ஆண்டுகள் விளம்பரத்தை மறுத்தும் மருந்து விற்பனை குறையவில்லை என்பதைப் பாக் கண்டார். தம் இதழ் மறுத்த விளம்பரம் மற்ற இதழுக்குப் போயிற்று, அவ்வளவே. ஆகவே 1904 மே இதழில் அவர் நேரடியாகத் தாக்கினார். மாசச்சூசெட்சு மாநிலச் சுகாதார வாரியம் ஆய்ந்து கண்ட சாராயக் கணக்கை, மருந்துப் பெயர்களுடன் பட்டியலாக அச்சிட்டார். மதுவிலக்குப் பேசும் பெண்களையும், மருந்து விளம்பரம் வெளியிடும் சமய இதழ்களையும் பெயரளவில் அன்றி உறைக்கவே கண்டித்தார்.

இங்கேதான் அவர் இடறினார். பட்டியலோடு, பியர்சு என்ற மருத்துவரின் பெயரால் விற்கப்பட்ட பெண்கள் மருந்து ஒன்றில் சாராயமும் அபினும் டிஜிடாலிசு என்ற கடுமருந்தும் இருப்பதாக எழுதியிருந்தார். பியர்சு எளிய மனிதர் அல்லர். பபலோ நகரில் பெரிய மருத்துவ விடுதி நடத்தியவர், நாடாளுமன்றத்திலும் அமர்ந்தவர். அவர் தரப்பு இரண்டு இலட்சம் வெள்ளி நட்டஈடு கோரி வழக்குத் தொடுத்தது. பாக் உடனே கடைகளில் அம்மருந்தை வாங்கி ஆய்வுக்கு அனுப்பினார். அவர் சொன்ன பொருள்களில் ஒன்றுகூட அதில் இல்லை. அவர் நம்பியிருந்தது ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் செருமனியில் செய்த ஓர் ஆய்வு என்பது அப்போதுதான் தெரியவந்தது. ஒருகால் இடையில் மருந்தின் கலவை மாறியிருக்கலாம். ஆனால் அச்சேற்றுமுன் ஒரு புட்டி வாங்கி ஆய்ந்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரு புட்டியின் விலையோ ஒரு வெள்ளி. பாக் தவற்றை ஒப்புக்கொண்டு ஜூலை இதழில் மறுப்பு வெளியிட்டார். எனினும் வழக்கில் தோற்று, நிறுவனம் நட்டஈடு கட்டிற்று. ஊருக்கெல்லாம் பொய் விளம்பரத்தைப் பற்றி எடுத்துரைத்தவர், தாமே பொய்ச்செய்தி அச்சிட்டார் என்று மருந்துக்காரர்கள் நாடெங்கும் பறைசாற்றினார்கள். சொல்லியதில் நியாயமும் இருந்தது.

தோல்விக்குப் பிறகு அவர் செய்தது பாராட்டத்தக்கது. அடங்கிவிடவில்லை, ஆத்திரப்பட்டுப் பின்னும் உரக்கக் கத்தவுமில்லை. ஆர்வார்டில் சட்டம் படித்த மார்க் சல்லிவன் என்ற இளைஞரை அமர்த்தி, சான்று கிடைத்தாலன்றி ஒரு வரியும் எழுதவேண்டா என்று அனுப்பினார். சல்லிவன் ஊர் ஊராகச் சென்று தேடினார். மருந்து நிறுவனங்களுக்குப் பெண்கள் மறைபொருளாக எழுதிய கடிதங்கள், கட்டுக் கட்டாகத் தரகர்கள்வழி விலைக்கும் வாடகைக்கும் போவதைக் கண்டுபிடித்தார். ஒரு நிறுவனத்துக்கு எழுதிய பெண்ணின் நோயைப் பத்து நிறுவனங்கள் அறிந்தன. பாக்கின் அலுவலகத்திலும் பெண்களின் கடிதங்கள் குவிந்து கிடந்தன என்பதை நினைத்தால், இச்செய்தி அவரை எவ்வளவு வருத்தியிருக்கும் என்பது விளங்கும். லின் நகரின் கல்லறைப் படமும் இந்தச் சான்று தேடும் முறையின் விளைவேயாகும். கருங்கல்லை யாரும் மறுக்க முடியாதன்றோ!

சல்லிவன் கண்டவற்றுள் மிகப் பெரியது மற்றொன்று. மருந்து நிறுவனங்கள் செய்தித்தாள்களோடு செய்துகொண்ட விளம்பர ஒப்பந்தங்களில் சிவப்பு மையில் ஒரு விதி அச்சிடப்பட்டிருந்தது. அந்த மாநிலத்தில் மருந்து விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேறினால் ஒப்பந்தம் செல்லாது என்பதே அது. எனவே அப்படிப்பட்ட மசோதா சட்டமன்றத்துக்கு வந்தவுடன், தங்கள் வருமானத்தைக் காத்துக்கொள்ளச் செய்தித்தாள்களே அதனை எதிர்க்கும். அல்லது வாய்மூடி இருக்கும். மருந்துக்காரன் ஒரு சொல்லும் பேசவேண்டியதில்லை. இதுபற்றிச் சல்லிவன் எழுதிய கட்டுரை நீளமாகவும் சட்ட நுணுக்கமாகவும் இருந்ததால் மாதர் இதழுக்குப் பொருந்தாது என்று கருதிய பாக், அதனைக் ‘காலியர்சு’ வார இதழுக்குக் கொடுத்துவிட்டார். 1905 நவம்பரில் அது அங்கே வெளியாயிற்று. அதே இதழில் அக்டோபர் முதல் சாமுவேல் ஆப்கின்சு ஆடம்சு மருந்து மோசடி பற்றித் தொடர்கட்டுரை எழுதிவந்தார். கையில் கிடைத்த பெருஞ்செய்தியைப் போட்டி இதழுக்குத் தூக்கிக் கொடுக்கும் ஆசிரியர்கள் அன்றும் மிகுதியில்லை.

1906 ஜூன் 30-ஆம் நாள் தூய உணவு மருந்துச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்டு கையெழுத்திட்டார். சாராயம், அபின், மார்பின், கொக்கெயின் முதலியன கலந்திருந்தால் அவற்றின் பெயரையும் அளவையும் புட்டியின் சீட்டிலேயே குறிக்கவேண்டும் என்றது அச்சட்டம். மருந்துகளை அது தடைசெய்யவில்லை. உள்ளே இருப்பதைச் சொல் என்றது, அவ்வளவுதான். அதற்காகப் பல்லாண்டு பாடுபட்டவர் அரசு வேதியியலாளர் ஆர்வி வைலி. அப்டன் சிங்கிளேர் இறைச்சித் தொழிற்சாலைகளைப் பற்றி எழுதிய நாவலும் மக்களைக் கிளர்ந்தெழச் செய்தது. தம் வாழ்க்கை நூலில் பாக் தமக்கு எடுத்துக்கொள்ளும் பங்கு சற்றுப் பெரியதே. அந்நூலில் தம்மையே படர்க்கையில் வைத்து ‘பாக் செய்தார்’, ‘பாக் வென்றார்’ என்று எழுதிச் செல்பவர் அவர். படிப்பவர் சிறிது கழித்துக்கொண்டே படிக்கவேண்டும். ஆனாலும் பெண்கள் கையில் நேரே போய்ச்சேரும் இதழ் ஒன்று விளம்பரப் பணத்துக்கு எதிராக நின்றது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை.

சட்டம் வந்த அதே 1906-இல் பாக் இன்னொரு செய்தியைத் தொட்டார். ஆடவரின் தீயொழுக்கத்தால் பால்வினை நோய் மனைவிக்கும் பிறக்கும் குழந்தையின் கண்ணுக்கும் வருவதைத் தாய்மார்களுக்கு எடுத்துச்சொல்லும் தலையங்கம் அது. குடும்ப இதழில் இதைப் பேசலாமா என்று பெருங்கூச்சல் எழுந்தது. எழுபத்தையாயிரம் சந்தாதாரர்கள் விலகினர் என்பது அவரே தரும் கணக்கு. விளம்பரதாரரை இழப்பதைக் காட்டிலும் வாசகரை இழப்பது ஓர் ஆசிரியருக்குக் கடினமானது. பாக் பின்வாங்கவில்லை.

மற்றத் துறைகளில் அவர் செய்தவற்றையும் சுருங்கக் கூறலாம். 1895 முதல் சிறு குடும்பத்துக்கேற்ற வீட்டு வரைபடங்களை இதழில் வெளியிட்டு, முழு வரைபடத்தையும் ஐந்து வெள்ளிக்கு விற்றார். கட்டடக் கலைஞர்கள் முதலில் ஒத்துழைக்க மறுத்தார்கள். பின்னாளில் உலகப்புகழ் பெற்ற பிராங்கு லாயிடு ரைட்டின் வீட்டு வரைபடங்கள் 1901-இல் இரண்டும் 1907-இல் ஒன்றும் இவ்விதழில் வந்தன. பெரிய எழுத்தாளர்களையும் விடவில்லை. கிப்ளிங்கு எழுதி 1895 டிசம்பரிலும் 1896 ஜனவரியிலும் வெளிவந்த ஒரு நெடுங்கதை, சென்னை மாகாணத்துப் பஞ்சத்தைக் களமாகக் கொண்டது. அரிசி உண்டு பழகிய தென்னாட்டு மக்கள், வடக்கிலிருந்து வந்த வேறு தானியத்தை உண்ண அறியாமல் வாடிய காட்சி, பிலடெல்பியாவில் அச்சாகி அமெரிக்க இல்லங்களுக்குச் சென்றது. கதைமாந்தர் மது அருந்தும் காட்சிகள் இதழில் இடம்பெறலாகாது என்பது பாக்கின் விதி. அவ்விதியைக் கேட்டுச் சலித்த கிப்ளிங்கு, அப்படியானால் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மெல்லின் உணவைக் குடித்ததாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று விடையனுப்பியதைப் பாக் தாமே சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

தொப்பியில் கொக்கின் இறகு செருகும் வழக்கத்தை ஒழிக்க அவர் செய்த முயற்சியும் ஒரு பாடமாயிற்று. குஞ்சுகளைக் காக்கும் தாய்ப்பறவை கொல்லப்படுவதைப் படங்களோடு காட்டினார். இறகு விற்பனை குறையவில்லை, பல மடங்கு கூடிவிட்டது என்று அவர் எழுதுகிறார். அவ்வளவு அரிய பொருளா என்று வாங்கினார்களாம். அறிவுரையால் ஆகாது என்று கண்டபின் சட்டமன்றங்களை நாடினார்.

இவ்வளவு செய்தவர், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற இயக்கத்தை மட்டும் எதிர்த்தே நின்றார். 1905-இல் முன்னாள் குடியரசுத் தலைவர் கிளீவ்லாந்தைக் கொண்டு பெண்கள் சங்கங்களையும் பெண் வாக்குரிமையையும் மறுத்து இரு கட்டுரைகள் எழுதச் செய்தார். புட்டியில் இருப்பது என்ன என்று அறிந்து தானே முடிவு செய்யப் பெண்ணுக்கு அறிவுண்டு என்று வாதாடியவர், வாக்குச் சீட்டில் மட்டும் அந்த அறிவை ஏற்கவில்லை. இதழின் முதல் ஆசிரியை ஒரு பெண் என்பதையும் இங்கே நினைவுகொள்ளத் தோன்றுகிறது. 1920-இல் வாக்குரிமை வந்தது. அதற்குச் சில திங்கள் முன்னரே பாக் ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிவிட்டார்.

விளம்பரத்தோடு அவர் கொண்ட உறவிலும் மற்றொரு பக்கம் உண்டு. 1896 அளவில் கதைகளின் தொடர்ச்சியை இதழின் பின்பகுதிக்குத் தள்ளி, விளம்பரங்களுக்கிடையே ஓடவிடும் முறையைப் புகுத்தியவர் அவர். கதையின் முடிவைத் தேடும் வாசகி, சவர்க்காரத்தையும் அடுப்பையும் கடந்துதான் செல்லவேண்டும். வாயிற்காவலை இறுக்கினார், உள்ளே விட்டவர்களுக்கு நடுக்கூடத்தில் இடம் கொடுத்தார். நம்பத்தக்க விளம்பரம் மட்டுமே வரும் இதழ் என்று பெயர் வந்தபின், அதில் இடம் பிடிக்கக் கட்டணம் மேலும் உயர்ந்தது. 1903-இல் பத்து இலட்சம் சந்தாதாரர்களைத் தொட்ட இதழ், 1919 அக்டோபரில் இருபது இலட்சம் படிகளைத் தாண்டிற்று. அந்த ஓர் இதழுக்கே விளம்பர வருமானம் பத்து இலட்சம் வெள்ளிக்கு மேல். மறுத்த பணம் வேறு வழியாகத் திரும்பி வந்ததென்றே சொல்லவேண்டும். ஆனால் 1892-இல் இது இவ்வாறு முடியும் என்று எவருக்கும் தெரியாது.

முப்பதாண்டுப் பணியை முடித்துக்கொண்ட பாக், 1920-இல் வெளியிட்ட வாழ்க்கை நூல் மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. உலக அமைதிக்குச் சிறந்த திட்டம் தருவோருக்கு ஓர் இலட்சம் வெள்ளிப் பரிசு என்று 1923-இல் அறிவித்தார்; இருபத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்ட திட்டங்கள் வந்தன. புளோரிடா மாநிலத்து லேக் வேல்சில் பறவைகளுக்கென ஒரு சோலையும், அதன் நடுவே மணிகள் இசைக்கும் 205 அடிக் கோபுரமும் எழுப்பினார். 1929 பிப்ரவரி முதல் நாள் குடியரசுத் தலைவர் கூலிட்சு அதனைத் திறந்துவைத்தார். மறு ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் பாக் மறைந்தார். கோபுரத்தின் அடியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய இதழ் அவருக்குப்பின் பல கைகள் மாறியது. 1970 மார்ச்சு 18-ஆம் நாள் நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் நியூயார்க்கில் அதன் அலுவலகத்துக்குள் புகுந்து, ஆசிரியரின் அறையில் பதினொரு மணி நேரம் அமர்ந்தார்கள். மாதர் இதழைப் பெண்ணே நடத்தவேண்டும், பெண்களை இழிவு செய்யும் விளம்பரங்களை நிறுத்தவேண்டும் என்பன அவர்கள் கோரிக்கைகளுள் சில. ஆகஸ்ட் இதழில் எட்டுப் பக்கங்கள் அவர்களுக்கு விடப்பட்டன. மூன்றாண்டுகள் கழித்து லெனோர் எர்சி என்ற அம்மையார் ஆசிரியரானார். 1889-இல் லூயிசா நாப் எழுந்த நாற்காலியில் நெடுங்காலத்துக்குப்பின் மீண்டும் ஒரு பெண் தனித்து அமர்ந்தார். 2014-இல் திங்களிதழ் நின்றது.